குழாய் வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 13 கட்டடங்கள் நிற்கின்றன. கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு 6 பேர். ஆக 18,720 பெண்கள் தங்கலாம். ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய இந்தக் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.

இவ்வளவு பேர் ஒரே இடத்தில் முகம் கழுவி ஷிப்டுக்குக் கிளம்புவதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஒரு நாளில் வாஷ் பேசின் குழாயை மொத்தம் 3 நிமிடம் திறந்து வைத்திருக்கிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். குழாய் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டினால் ஒரு நாள் செலவு 4,49,280 லிட்டர். அதே குழாய் 4 லிட்டர் மட்டும் தந்தால் 2,24,640 லிட்டர். மிச்சமாகும் தண்ணீரை 12,000 லிட்டர் லாரிகளில் ஏற்றினால் ஏறக்குறைய 19 லாரிகள் வரும், ஒவ்வொரு நாளும். இத்தனைக்கும் காரணம், குழாயின் வாயில் திருகியிருக்கும் 24 மி.மீ. அளவிலான ஒரு சிறு பாகம்.

அதே பாகத்தைப் படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ புதிதாகக் கட்டிய ஒரு தளத்து வீட்டில் மாட்டினால் கதை மாறிவிடுகிறது. தண்ணீர் நூலாக வடிகிறது. வீட்டுக்காரர் நொந்துபோய் பிளம்பரைக் கூப்பிடுகிறார். குழாயில் எந்தக் குறையும் இருக்காது. அந்த வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

வாஷ் பேசின் குழாயைப் பெரும்பாலோர் கடையின் கண்ணாடி அலமாரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். பளபளப்பு, வடிவம், விலை, விளம்பரத்தில் வந்த பெயர் என்று மனம் ஓடுகிறது. ஆனால் ஒரு குழாய் நன்றாக உழைக்குமா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: தொட்டியின் உயரம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, பேசினின் அளவு. மூன்றும் உங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றை அளந்துகொண்டு கடைக்குப் போனால் தேர்வு எளிதாகிவிடும்.

உயரம் தரும் விசை

நம் ஊர் வீடுகளில் தண்ணீரைத் தள்ளுவது புவியீர்ப்பு. மோட்டார் தண்ணீரை மொட்டை மாடிக்கு ஏற்றுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதன் பிறகு குழாயில் எவ்வளவு விசை இருக்கும் என்பதைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே உள்ள உயரம் தீர்மானிக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். தொட்டி பெரிதா சிறிதா என்பது இதில் பொருட்டே இல்லை. 500 லிட்டர் தொட்டியும் 5,000 லிட்டர் தொட்டியும் ஒரே மட்டத்தில் தண்ணீர் வைத்திருந்தால் ஒரே அழுத்தம்தான் தரும்.

ஒரு தளத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். தொட்டி மொட்டை மாடித் தரையிலேயே இருக்கிறது. வாஷ் பேசின் குழாய் வீட்டுத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிடைப்பது சுமார் 2.5 மீட்டர். அதாவது கால் பார்.

இந்த உயரத்திலிருந்து வரும் நீரின் வேகத்தைக் கணக்கிடும் வழியை 1644-இல் வெளியிட்டவர் இத்தாலியின் டாரிசெல்லி. கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருடன் இருந்து பணியாற்றியவர். தொட்டியின் துளையிலிருந்து பாயும் நீர், அதே உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது பெறும் வேகத்தோடு வெளிவரும் என்று அவர் கண்டார். 2.5 மீட்டருக்கு அது வினாடிக்கு 7 மீட்டர். 10 மீட்டருக்கு வினாடிக்கு 14 மீட்டர். உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது. பைப்பின் உராய்வு, எல்போ வளைவுகள் எல்லாம் சேர்ந்து உண்மையான வேகத்தை இன்னும் குறைத்துவிடும்.

இப்போது குழாயின் பெட்டியைப் பாருங்கள். ஒரே கைப்பிடியில் வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் ஐரோப்பியப் பாணியிலான பல சிங்கிள் லீவர் மிக்சர்கள் 1 முதல் 5 பார் வரையிலான அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் நீர் வரத்து பெரும்பாலும் 3 பாரில் அளக்கப்படுகிறது. 3 பாரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் குழாய், கால் பாரில் தருவது சுமார் 1.7 லிட்டர்தான். ஒரு லிட்டர் நிரம்ப 35 வினாடி பிடிக்கும். போதாததற்கு, மிக்சருடன் வரும் மெல்லிய கனெக்‌ஷன் பைப்புகளின் உள்துளை அரை இன்ச் லைனைவிடக் குறுகலாக இருக்கும். விலை உயர்ந்த குழாய் மெதுவாக வருவதற்கு இதுவே காரணம்.

அடுக்குமாடியில் நிலைமை தலைகீழ். பத்து மாடிக் கட்டடத்தில் மேல் மாடிக்குக் கிடைப்பது 0.3 பார் என்றால், கீழ்த் தளத்துக்கு 3 பார் கிடைக்கும். அழுத்தம் பத்து மடங்கு; ஒரே குழாயில் வரும் தண்ணீர் மூன்று மடங்குக்கும் மேல். மேலே இருப்பவர் காத்திருக்கிறார், கீழே இருப்பவரின் சட்டை நனைகிறது. நல்ல கட்டுமானத்தில் இடையிடையே அழுத்தம் குறைக்கும் வால்வுகள் வைப்பதன் நோக்கம் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதுதான்.

உங்கள் வீட்டு நிலவரத்தை அறிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலை இப்போதிருக்கும் குழாயின் கீழ் வைத்து முழுதாகத் திறந்து, செல்போனில் நேரம் பாருங்கள். 10 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர். 15 வினாடி என்றால் 4 லிட்டர். கை கழுவ 4 லிட்டர் தாராளம். 7 வினாடிக்குள் நிரம்புகிறது என்றால் நீங்கள் தண்ணீரை வீணாக்குகிறீர்கள். 20 வினாடிக்கு மேல் போனால் புதுக் குழாய் வாங்குவதைத் தள்ளிவைத்து, தொட்டியை ஒரு மேடை கட்டி உயர்த்துவதைப் பற்றி யோசியுங்கள். 2.5 மீட்டரை 5 மீட்டராக்கினால் தண்ணீர் வரத்து 40 சதவீதம் கூடும்.

காற்றைக் குடிக்கும் குழாய்

தொடக்கத்தில் சொன்ன 24 மி.மீ. பாகத்தின் பெயர் ஏரேட்டர். கழற்றிப் பார்த்தால் சல்லடைபோல இருக்கும். பலர் அதை அழுக்கு வடிகட்டி என்றே நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை வேறு.

உள்ளே வரும் நீர் முதலில் சில நுண்துளைகள் வழியாக நெருக்கப்படுகிறது. நெருக்கத்தில் வேகம் கூடுகிறது. வேகமாகப் பாயும் அந்தத் தாரைகளைச் சுற்றி அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய, பக்கத்தில் உள்ள இடுக்குகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பின்னர் கம்பி வலை காற்றையும் நீரையும் கலந்து, வெண்மையான மென்மையான ஒரே தூணாக வெளியே விடுகிறது. தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் தாரையின் பருமன் குறைவதில்லை. கைக்கும் குறை தெரிவதில்லை.

அதற்குள்ளேயே இன்னொரு நுட்பமும் உண்டு. சில ஏரேட்டர்களில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அழுத்தம் கூடும்போது அந்த வளையம் நசுங்கி நீர்வழியைச் சுருக்குகிறது. அழுத்தம் குறையும்போது தளர்ந்து வழியை விரிக்கிறது. மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. பத்தாவது மாடியிலும் முதல் மாடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் வர இந்த ரப்பர் வளையம் பெரிதும் உதவுகிறது. விடுதி, ஆலை, கல்லூரி போன்ற உயரமான கட்டடங்களுக்குக் குழாய் வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இந்த வகையைத்தான்.

அரசுகளும் இப்போது இந்தச் சிறு பாகத்தின் அருமையை உணர்ந்திருக்கின்றன. 2024 மார்ச்சில் பெங்களூரு கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தபோது, வணிக நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் குழாய்களில் ஏரேட்டர் பொருத்துவதை அந்நகரக் குடிநீர் வாரியம் கட்டாயமாக்கியது. அதே மாதம் ஒன்றிய அரசு, குறைந்த நீர் வரத்துள்ள குழாய்களை ஊக்குவிக்க ‘பாரத் டேப்’ என்ற முன்னெடுப்பைத் தொடங்கியது. நீர்ச் சிக்கனக் குழாய்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021-லேயே ஐ.எஸ். 17650 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது.

ஆனால் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் வாட்டர்சென்ஸ் தரநிலை அதை அழகாகச் சொல்கிறது. குளியலறை பேசின் குழாய், அதிக அழுத்தத்தில் நிமிடத்துக்கு 5.7 லிட்டருக்கு மேல் தரக் கூடாது. குறைந்த அழுத்தத்தில் 3 லிட்டருக்குக் கீழே போகவும் கூடாது. தண்ணீர் மிச்சமாக வேண்டும், சோப்பும் கழுவப்பட வேண்டும். தொட்டி தாழ்வாக உள்ள வீட்டுக்காரர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேசினில் விழும் வட்டம்

குழாயைத் திறந்து, தட்டையான அடிப்பகுதியில் தண்ணீர் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். வட்டத்துக்கு உள்ளே நீர் மெல்லிய வழவழப்பான படலமாக விரைகிறது. வட்டத்தின் விளிம்பில் திடீரென்று உயர்ந்து, தடித்து, மெதுவாகிறது. நீரியலில் இதை நீர்த்தாவல் என்பார்கள்.

வட்டத்துக்கு வெளியே விரல் நுனியால் தட்டினால் சிற்றலைகள் பரவும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட வட்டத்துக்குள் நுழையாது. உள்ளிருந்து வரும் நீரின் வேகம் அலையின் வேகத்தைவிட அதிகம். அலை எதிர்நீச்சல் போட்டுத் தோற்றுவிடுகிறது. எதையும் வெளியே விடாத கருந்துளைக்கு நேர் எதிராக, எதையும் உள்ளே விடாத ‘வெண்துளை’ என்று இயற்பியலாளர்கள் கற்பனை செய்த பொருளுக்கு இந்த வட்டத்தையே மாதிரியாக வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வானியலின் ஒரு புதிர் வாஷ் பேசினில் தினமும் நிகழ்கிறது.

லியனார்டோ டாவின்சி கவனித்துக் குறித்த நிகழ்வு இது. 1914-இல் ராலே பிரபு இதற்குக் கணித விளக்கம் தந்தார். வட்டம் தோன்ற ஈர்ப்பு விசையே காரணம் என்று நெடுநாள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராஜேஷ் பகத்தும் அவருடன் பணியாற்றியவர்களும் தரையிலும் சுவரிலும் கூரையிலும் நீர்த்தாரையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். மூன்றிலும் வட்டம் ஒரே தொலைவில் உருவானது. மெல்லிய படலங்களில் பரப்பு இழுவிசையும் பாகுத்தன்மையுமே வட்டத்தைத் தீர்மானிக்கின்றன, ஈர்ப்பு விசைக்கு அதில் பெரிய பங்கில்லை என்றார்கள். அந்த முடிவின் மேல் விவாதம் தொடர்ந்தது. கை கழுவும்போது நாம் பார்க்கும் வட்டத்துக்குக் கூட அறிவியல் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

குழாய் தேர்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நீர் வரத்து கூடக்கூட வட்டம் பெரிதாகிறது. ஆழமில்லாத சிறிய பேசினில் அந்த வேகப் படலம் ஓரச் சுவரை எட்டினால், சுவரில் ஏறி வெளியே தெறிக்கும். தாரை மிக உயரத்திலிருந்து விழுந்தாலும் சிக்கல்தான். விழும் நீர் வேகம் பெற்று மெலிந்து, துளிகளாக உடையும். உடைந்த துளிகள்தாம் அதிகம் தெறிப்பவை. ஆகவே சிறிய பேசினுக்கு உயரமான குழாயும் பலமான தாரையும் பொருந்தாது.

உள்ளே இரண்டு தகடுகள்

குழாயின் அழகு வெளியே, ஆயுள் உள்ளே. 1845-இல் இங்கிலாந்தின் ராதர்ஹாமில் இருந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பாலை, திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றது. நம் வீடுகளில் பல தலைமுறை பார்த்த குழாய் அதன் வழிவந்ததுதான். பல சுற்றுகள் திருகினால் ஒரு வாஷர் இறங்கி துளையை அடைக்கும். சொட்டினால் இன்னும் இறுக்குவோம். இறுக்க இறுக்க வாஷர் நசுங்கும், மேலும் சொட்டும்.

இன்றைய நல்ல குழாயில் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் தகடுகள் இருக்கின்றன. ஒன்று அசையாது, மற்றொன்று கைப்பிடியோடு சுழலும். இரண்டிலும் உள்ள திறப்புகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். கால் சுற்று போதும்.

தகடு அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடால் ஆனது. மாணிக்கமும் நீலமும் வேதியியலில் இதே பொருள்தான். கடினத்துக்கான மோஸ் அளவுகோலில் வைரம் 10, அலுமினா 9, ஆற்று மணல் 7. தகடுகளின் பரப்பை மைக்ரான் அளவில் சமமாகத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் இடையில் நீர் புக இடமே இல்லை. ஈரத்தோடு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

அமெரிக்கத் தரநிலை ஒன்றின்படி பேசின் குழாய் 5 லட்சம் முறை திறந்து மூடும் சோதனையைத் தாண்ட வேண்டும். ஒரு வீட்டில் நாளுக்கு 30 முறை திறந்தால் அது 45 ஆண்டுகள். ஆனாலும் நம் வீடுகளில் செராமிக் குழாய் சில ஆண்டுகளிலேயே சொட்டத் தொடங்குவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் மணலும் சிமென்ட் துகளும்தான் காரணம். மணல் அலுமினாவைக் கீற முடியாது. ஆனால் தகடுகளுக்கு இடையே சிக்கினால் இடைவெளி விழும், பக்கத்து ரப்பர் வளையம் அறுபடும். புது வீட்டில் குழாயை மாட்டும் முன் லைனைத் திறந்துவிட்டு நன்றாகத் தண்ணீர் ஓடவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆண்டுக்கணக்கில் பலன்.

சொட்டுவதை அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு 4,000 சொட்டுகளை ஒரு லிட்டராகக் கணக்கிடுகிறது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல், ஆண்டுக்கு ஏறக்குறைய 7,900 லிட்டர்.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பகுதியில் தண்ணீருக்கு ஓர் அபூர்வமான கதை உண்டு. சென்னை நகரின் கழிவுநீரைக் கோயம்பேட்டில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் எதிர்ச் சவ்வூடு பரவலும் செய்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு பைப் வழியே அனுப்புகிறது சென்னைக் குடிநீர் வாரியம். அந்த நிலையத்தின் திறன் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். சென்னையில் யாரோ கை கழுவிய தண்ணீர் உப்பு நீங்கி இங்கே ஆலைகளுக்குப் பயன்படுகிறது. அந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் வீடுகளிலோ பெரும்பாலும் போர் தண்ணீர். இயந்திரத்துக்குக் கிடைக்கும் உப்பில்லாத நீர் வீட்டுக் குழாய்க்குக் கிடைப்பதில்லை. எனவே வீட்டுக்குக் குழாய் வாங்குகிறவர் உப்பைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து வருகிறது. நீர் காயும்போது கரியமில வாயு பிரிந்து, கால்சியம் கார்பனேட் என்ற வெள்ளைப் படிவம் மிஞ்சுகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்கிறது. 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் காய்ந்தால் அரை கிராமுக்கு மேல் உப்பு தங்கும். ஏரேட்டரின் நுண்துளைகளை முதலில் அடைப்பது இதுதான். அடைத்ததும் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். வேண்டாம். எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ சிறிது நேரம் ஊறப்போடுங்கள். நுரைத்துக்கொண்டு படிவம் கரையும். பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து மறுபடி மாட்டிவிடலாம்.

உப்பு, உலோகத்தையும் விடுவதில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. குளோரைடு மிகுந்த நீரில் நாளடைவில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது செந்நிறமான, துளை துளையான, பலமில்லாத செம்பு. வெளியே குரோம் பூச்சு பளபளக்கும். உள்ளே சுவர் பொத்துப்போயிருக்கும். ஒருநாள் கழற்ற ஸ்பேனர் போட்டால் கழுத்தோடு முறியும். இதைத் தாங்கும் விதமாகச் சிறிதளவு ஆர்செனிக் சேர்த்துத் தயாரிக்கும் பித்தளை உண்டு. நல்ல தயாரிப்பாளர்கள் விவரக்குறிப்பில் அதைச் சொல்வார்கள்.

பித்தளை என்ற பெயரில் துத்தநாகக் கலவைக் குழாய்களும் விற்பனையாகின்றன. அதே குரோம் பூச்சு, அதே வடிவம். பூச்சு ஒரு இடத்தில் உடைந்தால் உள்ளிருக்கும் கலவை விரைவில் அரிக்கும். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.4 கிராம்; இந்தக் கலவை 6.7 கிராம் அளவில்தான். ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களைக் கையில் ஏந்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் தரமான பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாயைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அது அரிக்காது, மட்டமான பித்தளையைவிட நீடிக்கும்.

பளபளப்பைக் காக்கவும் ஒரு செய்தி. குரோம் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் கீழே உள்ள நிக்கல் படலமே வழவழப்பையும் பாதுகாப்பையும் தருகிறது. கழிப்பறை கழுவும் ஆசிட் இந்தப் படலத்தைத் தின்றுவிடும். குழாயில் ஊற்றாவிட்டாலும், மூடிய குளியலறையில் எழும் அதன் ஆவியே போதும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது போதுமான பராமரிப்பு.

ஈயம் பற்றிய எச்சரிக்கை

பித்தளையில் சிறிது ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். ஈயம் இருந்தால் லேத்தில் கடையும்போது சில்லுகள் சுருளாக நீளாமல் உடைந்து விழும், கருவி தேயாது. ஒரகடத்தில் சி.என்.சி. இயந்திரங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் குழாய்க்குள் இரவெல்லாம் தேங்கும் நீரில் அந்த ஈயம் நுண்ணளவில் கரையலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் இந்தியாவில் எல்லை. அமெரிக்கா 2014 முதல், குடிநீர் தொடும் பாகங்களில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமாக்கியிருக்கிறது.

பேசின் குழாயில் குடிக்கிறோமா என்று கேட்கலாம். குழந்தைகள் வாய் கொப்பளிக்கும்போது விழுங்குகிறார்கள். ஈயம் குறைந்த பித்தளை என்று எழுதியுள்ள குழாயைத் தேடுங்கள். காலையில் முதலில் வரும் தண்ணீரில் கை கழுவுங்கள். அடுத்து வருவதில் வாய் கொப்பளிக்கலாம்.

மூக்கின் நீளமும் காற்று இடைவெளியும்

குழாயின் மூக்கு எட்ட வேண்டிய இடம் பேசினின் வடிகால் துளைக்குச் சற்று முன்னே. மூக்கு குட்டையாக இருந்தால் கை பின்சுவரில் இடிக்கும், குழாயைச் சுற்றி எப்போதும் தண்ணீர் தேங்கும். டேபிள் டாப் பேசினுக்கு உயரமான உடலோடு செங்குத்தாக நிற்கும் பில்லர் காக் குழாய் வேண்டும். பேசினை முதலில் வாங்கி, துளைகளின் எண்ணிக்கையையும் துளையிலிருந்து வடிகால் வரையுள்ள தொலைவையும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

குழாயின் வாய், பேசின் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். லைனில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், தண்ணீரில் மூழ்கியிருக்கும் குழாய் வாய் அழுக்கு நீரைத் திரும்ப உறிஞ்சி லைனுக்குள் இழுத்துவிடும். நடுவே உள்ள இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்றுதான் அதைத் தடுக்கிறது. இவ்வளவு எளிய பாதுகாப்பு வேறில்லை.

யாருக்கு எது?

வெந்நீரும் தண்ணீரும் கலந்து தரும் சிங்கிள் லீவர் மிக்சர் ஓர் அமெரிக்க மாணவரின் கை சுட்டதில் பிறந்தது. 1937-இல் சியாட்டிலில் ஆல் மோயன் என்ற அந்த இளைஞர் பழைய இரட்டைக் கைப்பிடிக் குழாயில் கையைச் சுட்டுக்கொண்டார். ஒரே கைப்பிடியில் இரண்டையும் கலக்கும் வழியைத் தேடினார்; 1947-இல் அது விற்பனைக்கு வந்தது. குளிர்நாட்டுக்கு அது பெரிய வரம். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே சுடும் நம் ஊரில், வாஷ் பேசினுக்கு மிக்சர் பெரும்பாலும் தேவையில்லை. மிக்சர் சரியாக வேலை செய்ய இரண்டு லைனிலும் ஏறக்குறைய சம அழுத்தமும் வேண்டும்.

ஒரு தளத்து வீடு, தாழ்ந்த தொட்டி என்றால்: கால் சுற்று செராமிக் பில்லர் காக், அரை இன்ச் இணைப்பு, குறைந்த அழுத்தத்துக்கான ஏரேட்டர். அடுக்குமாடி, அல்லது பிரஷர் பம்ப் உள்ள வீடு என்றால்: ரப்பர் வளையமுள்ள 4 லிட்டர் ஏரேட்டர், சிங்கிள் லீவரும் நன்றாக உழைக்கும். பலர் பகிர்ந்துகொள்ளும் விடுதி, கேன்டீன் என்றால்: அழுத்தினால் சிறிது நேரம் வந்து தானே நிற்கும் குழாய். மூட்டு வலி உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் உருண்டைக் கைப்பிடி வேண்டாம். முழங்கையாலும் தள்ளக்கூடிய நீண்ட லீவர் வையுங்கள்.

சென்சார் குழாயை வாங்கும் முன் யோசியுங்கள். அதன் உள்ளிருக்கும் வால்வு திறக்கப் பல மாதிரிகளில் குறைந்தபட்ச அழுத்தம் தேவை. ஒரு தளத்து வீட்டில் அது கிடைக்காமல் போகலாம். கை படாததால் தூய்மை என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆய்வு ஒன்றின் முடிவு 2011-இல் வெளியானது. சென்சார் குழாய்களிலிருந்து எடுத்த நீர் மாதிரிகளில் 50 சதவீதத்தில் லெஜியனெல்லா பாக்டீரியா இருந்தது. கையால் திறக்கும் குழாய்களில் 15 சதவீதத்தில்தான். உள்ளே வால்வுகள் அதிகமாக இருந்தால் கிருமி ஒட்டிக்கொள்ளும் இடமும் அதிகம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

குழாய்க்குப் பட்ஜெட் போடும்போது நிறத்துக்கும் வடிவத்துக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும் சொல்லும். கடினத்தன்மை எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று ஆய்வக அறிக்கைதான் பிரித்துக் காட்டும்.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தொட்டி மேடையின் உயரத்தைப் பற்றிக் கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் சேர்ந்து பேசுங்கள். பின்னால் எந்தக் குழாயாலும் ஈடுகட்ட முடியாத விசையை அந்த மேடை தரும். விடுதி நடத்துகிறவர்களும் ஆலை நிர்வாகங்களும் அடுத்த முறை குழாய்களுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்த அழுத்தத்தில் என்ற இரண்டு எண்களையும் விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாத குழாயை வாங்காதீர்கள்.